பாதுகாவலர் ஐந்து முறை சுட வேண்டும்

1

போன மாதம் எனக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. நான் புத்தி சுவாதீனத்தோடு இருக்கிறேன் என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். கல்யாணத்தின்போது இதை யாரும் கேட்கவில்லை. ஒரு ஆளை நம்பி இரண்டு நாள் ரயிலில் கொல்கத்தாவுக்குக் குடித்தனம் கிளம்பியபோதும் கேட்கவில்லை. நாற்பத்தேழு வயதில், துப்பாக்கி சுடும் இடத்துக்கு முதல் தடவையாகப் போக வேண்டும் என்றபோதுதான் கேட்டார்கள்.

லேக் மார்க்கெட்டில் எங்கள் தெருமுனை டாக்டர் எந்த நோய்க்கும் முதலில் வாயுவைச் சந்தேகிப்பவர். இந்த ஊரில் எல்லா டாக்டர்களும் அப்படித்தான், நோயாளிகளும் அதையே எதிர்பார்த்துத்தான் போகிறார்கள். அவர் என் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். கோபம் வருமா என்று கேட்டார். வீட்டில் கணவரும் ஒரு மகளும் இருக்கிறார்கள் என்றேன். 'நார்மல்' என்று எழுதினார். கிளம்பும்போது வாயுவுக்கு ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு முதலிலிருந்து சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நான் இங்கே ஏதோ இயக்கத்தில் சேர்ந்துவிட்டதாக விருதுநகர் முழுக்கப் பரவிவிடும். அதற்கு என் அண்ணன் ஒருவனே போதும்.

என் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. கொல்கத்தாவில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் ஏர் ரைஃபிள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் கை நடுங்காத நாலைந்து பிள்ளைகளைப் பொறுக்கி, டாலிகஞ்ச் தாண்டி இருக்கும் ஒரு சுடும் சங்கத்தின் தேர்வுக்குப் பெயர் கொடுத்தார்கள். யாழினியும் அதில் ஒருத்தி. தேர்வு என்றால் பத்துக் குண்டு, நூற்றுக்கு அறுபது எடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள். பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு பாதுகாவலரோடு வர வேண்டும். இதுவரை நியாயம். அடுத்த விதிதான் அந்தச் சங்கத்துக்கே உரியது. பாதுகாவலரும் ஐந்து குண்டு சுட வேண்டுமாம். தன் பிள்ளை கையில் எதைக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. இதே கொள்கையைக் கணக்குப் பாடத்துக்கும் கொண்டுவந்தால் பாதிப் பெற்றோர் காணாமல் போய்விடுவார்கள்.

2

இந்த விவரம் எதுவும் யாழினி சொல்லி எனக்குத் தெரியவரவில்லை. மிட்டு காக்கிமா சொல்லித் தெரிந்தது.

மிட்டு காக்கிமா எங்கள் கட்டடத்தில் முதல் மாடி. நாங்கள் இரண்டாவது. காக்கிமா என்றால் சித்தி. அவருக்கும் எங்களுக்கும் உறவு ஒன்றும் கிடையாது, இந்த ஊரில் படிக்கட்டைப் பங்கு போட்டுக்கொண்டாலே உறவு முறை வந்துவிடும். யாழினி குழந்தையாக இருந்தபோது பாதி நாள் அவர் மடியில்தான் கிடந்தாள். நடந்ததும் பேசியதும் அங்கேதான். என் மகள் முதலில் பேசிய முழு வாக்கியம் வங்காளி. மீன் வேண்டும் என்பது அதன் சாரம். நாங்கள் சுத்த சைவம்.

ஒரு நாள் காக்கிமா கையில் ஒரு விண்ணப்பத்தோடு மேலே வந்தார். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, என் ரவிக்கையின் நிறத்தைப் பாராட்டிவிட்டு, பிறகுதான் நீட்டினார். அவருக்கு மூட்டு வலி, நின்று சுட முடியாது, தவிர சட்டப்படி பெற்றோர்தான் வர வேண்டும் என்று போட்டிருக்கிறது என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். பாதுகாவலர் என்ற இடத்தில் யாழினியின் உருண்டைக் கையெழுத்தில் காக்கிமாவின் பெயர் இருந்தது.

அவர் நல்ல மனுஷி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, உனக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்றுதான் குழந்தை நினைத்திருக்கும் என்று சமாதானம் சொன்னார். குழந்தை என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் தமிழில் நான் கேட்கும் கேள்விக்கெல்லாம் 'ம்', 'இல்ல', 'அப்புறம்' என்ற மூன்று பதில்கள்தான். அதே பெண் கீழ்வீட்டு வாசலில் நின்று முக்கால் மணி நேரம் கதை அளப்பது மாடிவரை கேட்கும். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

சாயங்காலம் அவள் வந்ததும் விண்ணப்பத்தை மேசையில் வைத்தேன். ஏன்டி, எங்கிட்ட கேட்டா வர மாட்டேன்னா சொல்லியிருப்பேன் என்று கேட்டேன்.

"நீ வந்தா எதாவது பண்ணுவ மா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

என்ன பண்ணினேன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பட்டியல் வரும் என்று தெரியும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மேடைக்குப் பின்னால் போய் அவளுக்குத் திருஷ்டி சுற்றியது முதலாவதாக இருக்கும். அதனால் கேட்கவில்லை. நான் வருகிறேன், எதுவும் பண்ண மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவள் காக்கிமாவின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினாள். வேறு வழியில்லாமல் எழுதியதுதான். ஆனாலும் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன், இந்த ஒரு நாள் என்னால் எதுவும் கெட்டுப்போகக் கூடாது என்று.

3

மறுநாளே கெடுத்தேன்.

விண்ணப்பத்தைச் சங்கத்து ஆபீசில் கொடுக்கப் போனேன். அங்கே பொரோபாபு என்று ஒருவர். தலைமை குமாஸ்தாவை இங்கே மரியாதையாக அப்படித்தான் சொல்வார்கள். மூன்று பேர் உட்காரும் ஆபீசில் மற்ற இரண்டு நாற்காலியிலும் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. அவர் விண்ணப்பத்தை வாங்கி, படிக்காமல், உச்சியில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டார்.

பிள்ளையார் சுழி. என் விவரங்களை நிரப்பும்போது போட்டிருக்கிறேன், எனக்கு நினைப்பே இல்லை. மளிகைப் பட்டியலுக்கே போடுகிற கை, துப்பாக்கி விண்ணப்பத்துக்குப் போடாமல் இருக்குமா? ஆனால் வங்காளியில் இரண்டு என்ற எண்ணும் கிட்டத்தட்ட அதே வளைவுதான். இது இரண்டாம் பிரதி என்றால் முதல் பிரதி எங்கே என்று கேட்டார். முதல் பிரதியே இதுதான் என்றேன். அப்படியானால் ஒன்று என்று போட்டிருக்க வேண்டும் என்றார். கடைசியில் இன்னொரு தாள் வாங்கி எல்லாவற்றையும் மறுபடி எழுதி, விநாயகரை மனதுக்குள் மட்டும் நினைத்துக்கொண்டு கொடுத்தேன்.

அப்போது அவர் ஆதார் அட்டையை எடுத்தார். முகவரி விருதுநகர்.

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். என் கணவர் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் அதிகாரி. மூன்று வருஷத்தில் சென்னைக்கு மாற்றல் வாங்கிவிடலாம் என்று சொல்லித்தான் என்னை அழைத்துவந்தார். இந்தத் தையோடு இருபது வருஷம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்தில் போய்விடலாம் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். போகப் போகிற ஊருக்கு எதற்கு முகவரி மாற்ற வேண்டும் என்பது அவர் வாதம். அதனால் கட்டில் வாங்கவில்லை, ஓட்டும் மாற்றவில்லை. கட்டிலைப் பத்தாவது வருஷம் முதுகு வலி வந்து வாங்கினோம்.

பொரோபாபு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீங்கள் இங்கே சுற்றிப் பார்க்க வந்தவரா என்று விசாரித்தார். வெளியூர்க்காரர்கள் பாதுகாவலராக இருக்க முடியாதாம். இருபது வருஷமாக இருக்கிறேன் என்றேன். அதற்கு ஆதாரம் கேட்டார். அவரோடு இருபது நிமிஷமாக வங்காளியில் வாதாடிக்கொண்டிருப்பதே ஆதாரம் இல்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. எதுவும் பண்ண மாட்டேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

வார்டு கவுன்சிலர் ஆபீசுக்குப் போய் வசிப்பிடக் கடிதம் வாங்கிவரச் சொன்னார். அதற்கு மூன்று நாள் நடந்தேன். முதல் நாள் ஆள் இல்லை, இரண்டாம் நாள் முத்திரை இல்லை. மூன்றாம் நாள் இரண்டும் இருந்தன, மின்சாரம் இல்லை, டார்ச் வெளிச்சத்தில் கையால் எழுதி வாங்கினேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் பொரிந்து தள்ளினேன். முகவரியை மாற்றியிருந்தால் எனக்கு இந்த அலைச்சல் உண்டா என்று கேட்டேன். மாற்றினால் அப்புறம் ஊருக்குப் போனதும் திரும்ப மாற்றணுமே என்றார், உண்மையான கவலையோடு.

உள்ளேயிருந்து யாழினி வந்தாள். "நீங்க ரெண்டு பேரும் இங்க இருக்கீங்களா இல்லையா? முதல்ல அத டிசைட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் தொலைக்காட்சியைப் பார்த்தோம். அது அணைந்திருந்தது.

4

தேர்வுக்கு முன்னால் பூஜை விடுமுறை வந்தது. ஊரே நாலு நாள் தெருவில் இருந்தது. இவர்கள் நவமி கொண்டாடும் நாளில்தான் நமக்கு ஆயுத பூஜை. வெளியே தாக் என்கிற பெரிய மேளம் இடிக்க, நான் உள்ளே பொரி கடலை வைத்துக்கொண்டிருந்தேன்.

பெயர்தான் ஆயுத பூஜை. இத்தனை வருஷமும் எங்கள் வீட்டில் வைத்தது அரிவாள்மணை, கத்தரிக்கோல், தையல் மெஷின், கணவரின் லேப்டாப். இந்த வருஷம்தான் முதல் தடவையாக நிஜ ஆயுதத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு பொருள் வீட்டில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு டப்பா ஈயக் குண்டும் ஒரு கையுறையும். குண்டு என்றால் பயந்துவிடாதீர்கள், ஒவ்வொன்றும் கொத்தமல்லி விதை அளவுதான். டப்பாவின் மூடியில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். இவ்வளவு பொருத்தமாக நான் ஆயுத பூஜை செய்ததே இல்லை.

யாழினி அன்று ராத்திரியே பயிற்சிக்கு டப்பா வேண்டும் என்றாள். விஜயதசமி காலையில் தீபாராதனை காட்டின பிறகுதான் பூஜையில் வைத்ததைத் தொட வேண்டும் என்றேன். பயிற்சி என்றால் சுடுவது இல்லை. மூடிய டப்பாவை முன்னங்கையின் மேல் வைத்துக்கொண்டு, கையை நீட்டி, அது ஆடாமல் நிற்கும்வரை நிற்பது. அவள் சமையலறையிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்துக்கொண்டு போய் நின்றாள். பத்து நிமிஷம் அசையவே இல்லை. பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகவும் பெருமையாகவும் இருந்தது. அவள் குளிக்கப் போனபோது நானும் ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். பெருங்காய டப்பா இப்போது நசுங்கியிருக்கிறது.

அண்ணன் விஜயதசமிக்கு போன் செய்தான். விஷயத்தைச் சொன்னேன். பொம்பளப் பிள்ளைக்குத் துப்பாக்கியா, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் என்ன சொல்வாய் என்று ஆரம்பித்தான். குறி தப்பாதவள் என்று சொல்வேன் என்றேன்.

அவன் பேசப் பேச எனக்கு எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சி ஞாபகம் வந்தது. பலூன் சுடும் கடையில் இவனும் சித்தப்பா பையன்களும் மாற்றி மாற்றிச் சுடுவார்கள். நான் அவர்கள் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு நிற்பேன். மணலில் நின்று சுட்டால்தான் குறி படும் என்று செருப்பைக் கழற்றிவிடுவது அவர்கள் கண்டுபிடித்த சாஸ்திரம். குறியும் பட்டதில்லை. எனக்கும் ஒரு தடவை கொடு என்று கேட்டதற்கு, தோளில் உதைக்கும், எலும்பு விலகினால் அப்புறம் கல்யாணம் ஆகாது என்றான். அவனுக்கு அப்போது பதினொரு வயது. என் கல்யாணத்தைப் பற்றி எல்லோருக்கும் முன்னால் கவலைப்பட ஆரம்பித்தவன் அவன்தான். ஊரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் உருகிப்போக வேண்டும் என்று எனக்குக் கட்டாயம் ஒன்றும் இல்லை.

5

ஞாயிற்றுக்கிழமை. விதிப்படி புடவை கூடாது, தொங்கும் நகை கூடாது, மூடிய காலணி வேண்டும். சுடிதார் போட்டுக்கொண்டு, தாலியை உள்ளே தள்ளி ஊக்குப் போட்டு, புதுக் கான்வாஸ் ஷூவின் நாடாவை மகளையே கட்டச் சொன்னேன். பூ வைக்கவில்லை. நேரம் பார்க்கவில்லை. பார்த்தேன், ஆனால் சொல்லவில்லை.

காளிகாட்டில் மெட்ரோ ஏறி டாலிகஞ்சில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். வழி முழுக்க யாழினி மடியில் விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டே வந்தாள். அங்கே ஆறு தடங்கள், இருபது பிள்ளைகள். நேரத்தை மிச்சம் பிடிக்க, பிள்ளையும் பாதுகாவலரும் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் ஒரே நேரத்தில் சுடுவது வழக்கம். யாழினிக்கு நான்காவது, எனக்கு ஐந்தாவது. பத்து மீட்டர் தள்ளி ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை, அதில் கறுப்பு வட்டம். அவளுடைய மேசையில் அட்டையைப் பார்க்க ஒரு சின்னத் தொலைநோக்கி இருந்தது. பாதுகாவலர்களுக்கு அது இல்லை. பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று நினைத்திருப்பார்கள்.

கோச், மெலிந்து உயர்ந்த மனிதர். மூச்சை விடுங்கள், பாதியில் நிறுத்துங்கள், விரலை மெதுவாக இழுங்கள் என்று வங்காளியில் மூன்றே வாக்கியம் சொன்னார். பிரசவ வார்டில் எனக்கு இதைவிட அதிகம் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் இரண்டு குண்டு சுட்டேன். தோளில் எதுவும் உதைக்கவில்லை. நாற்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன், உதைக்கும் என்று. மூன்றாவதுக்குத் துப்பாக்கியை எடுத்தபோது ஓரக்கண்ணில் யாழினி தெரிந்தாள். தோளும் கன்னமும் துப்பாக்கியும் ஒன்றாக நின்றன. இவள் தேறிவிட வேண்டும் என்று ஒரு வேண்டுதல் நெஞ்சில் எழுந்தது. வேண்டும்போது கண்ணை மூடிப் பழக்கம். இரண்டு கண்ணும் மூடியிருக்கும்போது விரல் இழுத்துவிட்டது. பிறகு மிச்சம் இரண்டையும் ஒழுங்காகச் சுட்டு முடித்தேன்.

கயிற்றை இழுத்து அட்டைகளைக் கொண்டுவந்தார்கள். என் அட்டையில் நாலு துளைகள், ஒன்றோடு ஒன்று பேச்சுவார்த்தை இல்லாமல் நாலு மூலையில். யாழினியின் அட்டையில் பதினொன்று.

பத்துதானே சுட்டாள் என்று கோச் எண்ணிப் பார்த்தார். பொரோபாபு வந்து எண்ணினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு குண்டு, ஒரே ஒரு குண்டு, மகளின் அட்டையில் போய் விழுந்திருக்கிறது. நீ வந்தால் எதாவது பண்ணுவாய் என்று அவள் சொன்னதை நான் துப்பாக்கியாலேயே நிரூபித்திருந்தேன்.

இப்படி நடந்தால் சங்கத்தில் ஒரு விதி இருக்கிறது. எது யாருடையது என்று தெரியாவிட்டால், அட்டையில் உள்ளதிலேயே சிறந்த துளையை நீக்கிவிடுவார்கள். பதினொன்றையும் கூட்டினால் அறுபத்துநான்கு. நட்ட நடுவில் ஒரு பத்து இருந்தது. அதை எடுத்தால் ஐம்பத்துநான்கு, தோல்வி. ஓரத்தில் அட்டையை விட்டு ஓடப் பார்த்த ஒரு இரண்டு இருந்தது. அதை எடுத்தால் அறுபத்திரண்டு, தேர்ச்சி. கோச் இரக்கமுள்ளவர். பக்கத்துத் தடத்தில் சுட்டவர் தன் துளை எது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதையே நீக்கலாம் என்றார். சொல்லும்போதே விரல் அந்த ஓரத்து இரண்டின் பக்கம் போனது. வாழ்க்கையில் முதல் தடவை துப்பாக்கி பிடித்த ஒரு அம்மாவின் துளை எங்கே இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை.

பேனாவை வாங்கினேன். பெயர், உறவு முறை எல்லாம் எழுதியாகிவிட்டது. துளை என்ற இடத்துக்கு வந்தபோது யாழினி என் கையின் மேல் கை வைத்தாள்.

"மா, எழுதாத." தமிழில் சொன்னாள். பேருந்திலும் கடையிலும் மற்றவருக்குப் புரியக் கூடாது என்றால் நாங்கள் பேசுகிற அந்தத் தணிந்த குரல். "ஓரத்துல இருக்கறது என்னுது. ஃபர்ஸ்ட் ஷாட், கை ஆடிப்போச்சு. நடுவுல இருக்கறதுதான் உன்னுது."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நாலாவது சுட்டுட்டு ரைஃபிள வச்சுட்டேன். கை வேர்த்துச்சு, தொடச்சுக்கிட்டு தொலைநோக்கில பார்த்துக்கிட்டிருந்தேன். நான் பார்க்கும்போதே நடுவுல வந்து விழுந்துச்சு."

கோச் காத்துக்கொண்டிருந்தார். எங்களை மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார், புதுப் பாஷையைக் கேட்டால் எல்லோரும் சிரிக்கிற மாதிரி. நான் இரண்டு வருஷமாக இந்தப் பெண்ணிடம் இத்தனை வாக்கியங்களை ஒன்றாகக் கேட்டதில்லை. வந்ததுதான் வந்தது, இந்த நேரத்தில் இப்படியா வர வேண்டும்?

"அவருக்குத் தமிழ் தெரியாதுடி" என்றேன்.

"உனக்குத் தெரியுமில்ல" என்றாள்.

ஐம்பத்துநாலுதான் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் கையை எடுக்கவில்லை. அவளுக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். பெருங்காய டப்பாவோடு அவள் நின்ற நிலையைப் பார்த்தவள் நான். அறுபத்திரண்டு என் பேனா முனையில் இருந்தது. ஒரு தாய் பொய் சொல்ல இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால் இனி ஒவ்வொரு ஞாயிறும் அவள் இங்கே என் பொய்யின் மேல் நின்றுதான் சுட வேண்டும்.

நடுவில் இருப்பது என்னுடையது என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கோச் படித்தார். நிச்சயமாகவா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். பொரோபாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இந்தச் சங்கத்தில் பாதுகாவலர் யாரும் இதுவரை பத்து அடித்ததில்லை என்றார், ஏதோ நான் வரிசையை மீறிவிட்ட மாதிரி. பிறகு யாழினியின் அட்டையில் ஐம்பத்துநான்கு என்று எழுதி முத்திரை குத்தினார். அடுத்த மாதம் மறுதேர்வு உண்டு. அதற்கும் பாதுகாவலர் வர வேண்டும், எல்லாத் தாள்களும் புதிதாக வேண்டும், புத்தி சுவாதீனச் சான்றிதழ் உட்பட. ஒரு மாதத்தில் அது மாறக்கூடியது என்று இவர்கள் நினைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை.

6

திரும்ப ஆட்டோ பிடித்தோம். மன்னித்துவிடு என்று நம்மில் பிள்ளைகளிடம் சொல்கிற வழக்கம் இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்பதுதான் வழக்கம். பசிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். மெட்ரோவில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு, மனதில் வைத்துக்கொள்ள முடியாமல், அந்தக் குண்டைச் சுடும்போது நான் எதையும் பார்க்கவில்லை, உனக்காக வேண்டிக்கொண்டு இரண்டு கண்ணையும் மூடியிருந்தேன் என்று சொல்லிவிட்டேன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுரங்கத்தில் ஜன்னலில் என்ன தெரியும்? தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். காளிகாட்டில் இறங்கி எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

நான் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவள் முதல் மாடியில் இருந்தாள். மிட்டு காக்கிமா கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். ஆகவில்லை, எனக்கு ஐம்பத்துநாலு என்று யாழினி வங்காளியில் சொன்னாள். காக்கிமா த்சொ த்சொ என்று அவள் கன்னத்தைத் தடவினார். நான் கீழ்ப் படிகளிலேயே நின்றுவிட்டேன். இதோ இப்போது சொல்லப்போகிறாள், அம்மா வந்து கெடுத்துவிட்டாள் என்று. சொன்னால் அது நியாயம்தான்.

"கிந்து ஆமார் மா தொஷ் மேரேச்சே" என்றாள் யாழினி. ஆனால் என் அம்மா பத்து அடித்தாள்.

காக்கிமாவுக்கு விளங்கவில்லை. யார் என்று கேட்டார்.

"ஆமார் மா. துட்டோ சோக் பொந்தோ கோரே." என் அம்மா. இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வழியெல்லாம் அடக்கிவைத்திருந்த சிரிப்பு. காக்கிமா கைப்பிடியின் மேலே எட்டி என்னைப் பார்த்தார். மூன்றாம் மாடிக்காரர் என்ன சத்தம் என்று கதவைத் திறந்து கேட்டார். அவருக்காக யாழினி தலையை நிமிர்த்தி, கதையை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு இரண்டு வாக்கியத்துக்கும் ஒரு தடவை ஆமார் மா வந்தது. நான் மேலே ஏறவில்லை. படியிலேயே நின்று முழுவதையும் கேட்டேன்.